கார்பன் செயின்ரிங் வாங்கப் போறீங்களா, முதல்ல பல்லைப் பாருங்க

சைக்கிள்ல பெடல் பக்கம் செயினை இழுக்கிற பல் சக்கரம்தான் செயின்ரிங். கார்பன் செயின்ரிங் எத்தனை நாள் தாங்கும்னு யாராவது கேட்டா, எந்த கார்பன் செயின்ரிங்னு முதல்ல திருப்பிக் கேக்கணும், ஏன்னா அந்தப் பேர்ல ரெண்டு வேற வேற சரக்கு விக்குது. ஒண்ணு, இத்தாலிக் கம்பெனி கார்பன்-டை பண்ற மாதிரி, நடு உடம்பு மட்டும் கார்பன், செயின் உக்கார்ற பல்லு எல்லாம் 7075ங்கிற உறுதியான அலுமினியக் கலவை. இன்னொண்ணு இங்கிலாந்து கம்பெனி ஃபைபர்-லைட் பண்ற மாதிரி, பல்லு நுனி வரைக்கும் முழுக்க கார்பன் தகடுல வெட்டி எடுத்தது. முதல் வகைய நல்ல அலுமினியம் ரிங் மாதிரியே நெனச்சு ஓட்டலாம், தேயுறது அலுமினியம்தான். ரெண்டாவதுலதான் யோசிக்க வேண்டிய விஷயமே இருக்கு.

கார்பன் நார் இழுத்தா இரும்பு மாதிரி நிக்கும், ஆனா பல்லுல நடக்குறது இழுவை இல்லையே, ஸ்டீல் ரோலர் ஒண்ணு அழுத்திக்கிட்டு உருளுது, நடுவுல மண்ணும் ஆயிலும் கலந்து சாணை பிடிக்கிற பசையா ஆயிடுது. பல்லோட ஓரத்துல நாரோட வெட்டுன முனைதான் வெளிய தெரியுது, அதைப் பிடிச்சு வெச்சிருக்கிற எபாக்சி பசை முதல்ல தேயும், அப்புறம் பிடிமானம் இல்லாத நார் பொடிப்பொடியா உதிரும். அதனால ரிங்கோட உடம்பு கல்லு மாதிரி இருக்கும், பல்லு மட்டும் போயிருக்கும்.

எந்த சைஸ் ரிங்ல போடுறோம்ங்கிறதும் முக்கியம். 175 மில்லிமீட்டர் கிராங்க்ல, அதாவது பெடல் மாட்டுற கையில, பெடல 700 நியூட்டன் அழுத்துறீங்கன்னு வைங்க, 50 பல்லு ரிங்ல செயின் இழுவை சுமார் 1,200 நியூட்டன், அதே அழுத்தம் 34 பல்லு ரிங்ல கிட்டத்தட்ட 1,800. சின்ன ரிங்ல ஒரே நேரத்துல செயின் பிடிச்சிருக்கிற பல்லும் கம்மி. மேடு ஏறும்போது மெதுவா, பலமா மிதிக்கிறதும் அதுலதான். அதனால உள்ள இருக்கிற சின்ன ரிங்க முழு கார்பன்ல போடாதீங்க, அதுல மிச்சமாகிற கிராம் வேற ரொம்ப சொற்பம். வெளி ரிங், இல்ல தனியா கடிகாரத்துக்கு எதிரா ஓட்டுற டைம் ட்ரையலுக்குப் போடுற 54, 56 மாதிரி பெரிய ஒத்தை ரிங், அதுக்கு சரி.

மாட்டுறதுக்கு முன்னாடி செயினை அளந்துருங்க. ஒரு கண்ணிக்கு அரை இஞ்ச் கணக்குல 24 கண்ணி 304.8 மில்லிமீட்டர் இருக்கணும், அது 306.3 வந்துட்டா 0.5 சதவீதம் நீண்டாச்சுன்னு அர்த்தம், பின்னாடி 11, 12 கியர் இருக்கிற வண்டியோட செயினுக்கு அதோட கதை முடிஞ்சுது. நீண்ட செயின் பல்லோட சரியா உக்காராம மேல ஏறி நிக்கும், லோடு ஒண்ணு ரெண்டு பல்லு மேலேயே விழும், அலுமினியமே அதுல சுறா துடுப்பு மாதிரி வளைஞ்சு தேயும், கார்பன் பல்லு என்ன பாடு படும்னு சொல்ல வேண்டாம். என்னைக் கேட்டா முழு கார்பன் ரிங்குக்கு 0.5 வரைக்கும் கூட காத்திருக்க வேண்டாம், செயின் விலை ரிங் விலைல ஒரு பங்குதான்.

போல்ட் விஷயம். ரிங் தடிமன் பழைய ரிங்க விட கம்மியா இருந்தா போல்ட் போய் நட்டோட அடியில முட்டிக்கும், டைட் ஆன மாதிரி கைக்குத் தெரியும், ஆனா ரிங் ஆடிக்கிட்டு இருக்கும், ஆடுற ரிங் போல்ட் ஓட்டைய அரைச்சு பெருசாக்கிடும். அதனால எல்லா போல்ட்டையும் முதல்ல லேசா உக்கார வெச்சு, எதிர் எதிரா மாத்தி மாத்தி முடுக்கி, ரிங் கம்பெனி சொல்ற அளவுக்கு மட்டும் முறுக்கு அளவு காட்டுற டார்க் ரெஞ்ச்ல நிறுத்துங்க. ஸ்டீல் போல்ட்டுக்குப் பழகின கை பலத்துல முறுக்குனா கார்பன் நசுங்கும். முதல் சில ரைடுக்கு அப்புறம் இன்னொரு தடவை செக் பண்ணுங்க.

லூப், அதாவது செயினுக்குப் போடுற மசகு, பத்தி சொன்னா, உருக்கி முக்குற பாரஃபின் வாக்ஸ்தான் இந்த ரிங்குக்கு நல்ல ஜோடி, மண்ணு ஒட்டுறது ரொம்ப கம்மி. ஈர லூப் போட்டு மழைல ஓட்டுறவங்க முழு கார்பன் பல்லு பக்கமே போகாதீங்க. கழுவ சோப்புத் தண்ணி போதும், அசிட்டோன், பெயின்ட் ரிமூவர் எல்லாம் அந்த எபாக்சி கிட்ட கொண்டு போகக் கூடாது.

அலுமினியம் பல்லு வெச்ச ரிங்ல, இல்ல ரிங்கைத் தாங்குற அலுமினியம் ஸ்பைடர்ல கார்பன் ரிங் மாட்டியிருந்தா, உப்பையும் கவனிக்கணும். கார்பன் மின்சாரம் கடத்தும், அலுமினியத்தோட சேர்ந்து உப்புத் தண்ணி பட்டா அலுமினியம்தான் அரிக்கப்படும், கார்பனுக்கு ஒண்ணும் ஆகாது. ஈசிஆர் மாதிரி கடலோர ரோட்ல ஓட்டுறவங்க, வீட்டுக்குள்ள நின்ன இடத்துலயே மிதிக்கிற டர்போ ட்ரெய்னர்ல வேர்த்துக் கொட்டுறவங்க, ரெண்டு பேரும் ஓட்டி முடிச்சதும் நல்ல தண்ணில துடைச்சுக் காய விடுங்க. சேர்ற இடத்துல வெள்ளையா பொடி தெரிஞ்சா கழட்டிப் பாக்கணும்.

செக் பண்ண ஒரு பழைய காட்டன் துணி போதும், பல்லு மேல லேசா ஓட்டுங்க, நூல் மாட்டிச்சுன்னா நார் பிரிய ஆரம்பிச்சிருக்கு. அப்புறம் பக்கவாட்டுல லைட் அடிச்சு அடுக்கு அடுக்கா விரிசல் இருக்கான்னு பாருங்க, காசால தட்டினா ஒரு இடத்துல மட்டும் சத்தம் மந்தமா வந்தா உள்ள பிரிஞ்சிருக்கலாம். செயின் கழண்டு ரிங்குக்கும் ஃபிரேமுக்கும் நடுவுல சிக்கினா, அன்னிக்கே இதெல்லாம் பாத்துடணும், ஏன்னா தேய்மானத்தை விட அந்த ஒரு இழுப்புதான் பல்லை உடைக்கும். பிரிஞ்ச நார உப்புத்தாள் வெச்சு காஞ்சபடி தேய்க்காதீங்க, அந்தத் தூசி மூச்சுக்குள்ள போகக் கூடாது. பல்லு உடைஞ்ச ரிங்க பசை போட்டு ஒட்டுற யோசனையும் வேண்டாம், நின்னு மிதிக்கும்போது செயின் வழுக்குனா மூஞ்சிதான் ஹேண்டில்பார்ல போய் விழும்.

இவ்வளவு கஷ்டப்பட்டு யாருக்கு இது? உலக சைக்கிள் பந்தய அமைப்பான யுசிஐ நடத்துற விதிப்படி ரோட் ரேஸ்ல பைக் 6.8 கிலோவுக்குக் கீழ போகக் கூடாது, அங்க நல்ல பைக் ஏற்கனவே அந்த எல்லைல நிக்குது. பிரிட்டன்ல அக்டோபர் சீசன்ல நடக்குற ஹில் கிளைம்ப் போட்டிகள் வேற மாதிரி, ஒரு சில நிமிஷம் மேடு, ஒத்தை ரிங், புது செயின், காசுக்கும் தேய்மானத்துக்கும் கவலைப்படாத ஆளுங்க, ஹேண்டில்பார் நுனியக் கூட அறுத்துப் போடுவாங்க. அவங்களுக்கு முழு கார்பன் பல்லு பொருந்தும், ரேஸ் முடிஞ்சதும் கழட்டி வெச்சிடுவாங்க. தினமும் ஓட்டுற வண்டிக்கு அலுமினியம் பல்லு வெச்சதையே வாங்குங்க, இல்லன்னா சாதா 7075 ரிங்கே போட்டு மிச்சக் காசுல நல்ல டயர் வாங்கிக்கோங்க.