கோல்ஃப் பயிற்சிப் பந்து: உங்கள் நிலைக்கு எது பொருந்தும்?

கோல்ஃப் பழகத் தொடங்குபவர்கள் கிளப் (பந்தை அடிக்கும் மட்டை) வாங்க எவ்வளவோ யோசிப்பார்கள். பந்து என்று வந்தால் மட்டும் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொள்வார்கள். நம் அடி எப்படி இருந்தது என்று சொல்வதே பந்துதான், அதனால் அதையும் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

படி 1: எங்கே அடிக்கப் போகிறீர்கள்?

திறமையைவிட இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். விதிப்படி கோல்ஃப் பந்து 42.67 மி.மீ. விட்டத்துக்குக் குறையக் கூடாது, 45.93 கிராம் எடையைத் தாண்டக் கூடாது. இவ்வளவு சிறிய, கெட்டியான பந்து வேகமாக வந்து பட்டால் ஆளுக்கே ஆபத்து. வீட்டு முற்றத்திலும் அறைக்குள்ளும் ஃபோம் பந்து அல்லது ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்து மட்டும் போதும். நல்ல வலை கட்டியிருந்தால் அசல் பந்து அடிக்கலாம்.

படி 2: புதிதாகப் பழகுகிறீர்களா?

அப்படியானால் ஃபோம் பந்திலேயே தொடங்குங்கள். பந்து எங்கே போய் விழுமோ என்ற பயம் இல்லாததால் ஸ்விங், அதாவது கிளப்பை வீசும் அசைவு, இறுக்கமில்லாமல் வரும். கிளப்பின் நடுவில் பட்டதா, பந்துக்கு முன்பே தரையில் உரசியதா என்பதை மட்டும் கவனியுங்கள். தூரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம், காற்று பந்தை உடனே நிறுத்திவிடும். பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் பட்டிங் பழக இந்தப் பந்து உதவவே உதவாது; எடை இல்லாமல் உருளும் விதமே வேறு.

படி 3: டிரைவிங் ரேஞ்சுக்குப் போகும்போது

டிரைவிங் ரேஞ்ச் என்பது பந்தைத் தொடர்ந்து அடித்துப் பழகும் திடல். அங்கே தரும் பந்துகள் அடி தாங்குவதற்காகக் கடினமான உறையுடன் செய்யப்பட்டவை. சில இடங்களில் வேண்டுமென்றே குறைந்த தூரம் பறக்கும் பந்துகளையே வைத்திருப்பார்கள். ஆகவே 7 அயர்ன் (நடுத்தர தூரத்துக்கான கிளப்) இவ்வளவு தூரம் போகிறது என்று அங்கே அளந்ததை மைதானத்தில் நம்பாதீர்கள். தேய்ந்த பந்தும் ஏமாற்றும். பந்தின் மேலே உள்ள சிறு குழிகளின் ஆழமே சுமார் கால் மில்லிமீட்டர்தான். அவை தேய்ந்தால் பந்து சரியாக எழும்பாது. ரேஞ்சில் தரும் பந்து வாளியில் வழவழப்பானதையும் வெட்டுப்பட்டதையும் ஒதுக்கிவிட்டு அடியுங்கள்.

படி 4: ஓரளவு பழகிவிட்டதா?

இப்போது இரண்டு அடுக்குப் பந்து, அதாவது ரப்பர் உள்ளகமும் சர்லின் என்ற பிளாஸ்டிக் போன்ற கெட்டியான உறையும் கொண்டது, சரியான தேர்வு. நேராகப் போகும், சீக்கிரம் கிழியாது, விலையும் குறைவு. பந்து எவ்வளவு அமுங்கும் என்று காட்டும் கம்ப்ரஷன் எண்ணைப் பார்த்து இந்தக் கட்டத்தில் குழம்ப வேண்டாம். எண் குறைந்தால் பந்து மென்மை, கூடினால் கெட்டி என்ற அளவுக்குத் தெரிந்தால் போதும். பழைய பந்து வாங்கினால் மறுபடி பெயின்ட் அடித்ததைத் தவிருங்கள், பெயின்ட் குழிகளின் வடிவத்தை மாற்றிவிடும்.

படி 5: சிப்பிங்கும் பட்டிங்கும்

சிப்பிங் என்பது கிரீனுக்கு, அதாவது குழி இருக்கும் வழவழப்பான புல்தரைக்கு, அருகிலிருந்து பந்தை மெல்லத் தூக்கிப் போடுவது. இதில்தான் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். ஆட்டத்தில் எந்தப் பந்தோ, கிரீன் பக்கத்துப் பயிற்சிக்கும் அதே பந்துதான். யூரித்தேன் என்ற மென்மையான பிளாஸ்டிக் உறைப் பந்து, பந்தை உயர்த்தி அடிக்கும் கிளப்பான வெட்ஜின் கோடுகளில் நன்றாகப் பிடித்துக்கொண்டு அதிக ஸ்பின் (சுழற்சி) எடுக்கும், விழுந்ததும் சட்டென்று நிற்கும். அதே அடியைக் கடினமான ரேஞ்ச் பந்தில் அடித்தால் ஓடிக்கொண்டே போகும். அதில் பழகிய கை ஆட்டத்தில் பந்தைக் குழியைக் காட்டும் கொடிக்கு முன்பே நிறுத்திவிடும்.

தேர்ந்த ஆட்டக்காரர்கள் இதற்காக ஒரே மாடலில் சில பந்துகளைத் தனிப் பையில் வைத்திருப்பது நல்லது. வெட்ஜ் பட்டு உறை பிய்ந்ததும் அந்தப் பந்தை வலைப் பயிற்சிக்கு மாற்றிவிடுங்கள்.