உறைவதெல்லாம் ஒன்றல்ல: பொருள்களின் மாற்றத்தில் நாம் சறுக்கும் இடங்கள்

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழாது. உறைந்திருக்கும். முந்தின இரவு உறை ஊற்றி வைத்த பாலும் அதே காலையில் உறைந்திருக்கும். எண்ணெயைக் கொஞ்ச நேரம் வெயிலில் வைத்தால் பழையபடி எண்ணெய். தயிரை வெயிலில் வைத்தால் இன்னும் புளிக்குமே தவிரப் பாலாகாது.

மாலை நேரத்தில் ஏழாவது, எட்டாவது படிக்கும் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். இயற்பியல் மாற்றமா (பொருள் அதேதான், நிலையோ வடிவமோ மட்டும் மாறுவது), வேதியியல் மாற்றமா (வேறு பொருளாகவே மாறுவது) என்று கேட்டால் வரும் தவறான விடைகளில் பாதி, பாடம் புரியாததால் வருவதில்லை. வீட்டில் புழங்கும் வினைச்சொல்லை நம்புவதால் வருகிறது. ‘உறைதல்’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டும் ஒளிந்திருக்கின்றன. தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே போனால் அதன் மூலக்கூறுகள் நெருங்கி அடுக்கிக்கொள்கின்றன, அவ்வளவுதான். பாலில் நடப்பது வேறு. பாக்டீரியாக்கள் லாக்டோஸ் என்ற சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. அமிலம் ஏற ஏற கேசின் என்ற புரதம் திரண்டு கட்டியாகிறது. நேற்று இல்லாத அமிலம் இன்று இருக்கிறது. புளிப்பு அதன் அடையாளம்.

‘கரைதல்’ இன்னும் மோசம். சர்க்கரை தண்ணீரில் கரைகிறது, சரி. “ஐஸ் கரைஞ்சு போச்சு” என்கிறோம். அது கரையவில்லை, உருகியது. ஈனோ தூளும் ‘கரைகிறது’. ஆனால் அங்கே அமிலமும் சோடா உப்பும் வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடு பொங்குகிறது, அது வேதியியல் மாற்றம். அப்புறம் ‘எரிதல்’. “லைட் எரியுது” என்று குண்டு பல்பைச் சொல்கிறோமே, அதற்குள் எதுவும் எரியவில்லை. டங்ஸ்டன் இழை சூடேறி ஒளிர்கிறது. கண்ணாடி உடைந்து காற்று உள்ளே போனால்தான் இழை உண்மையிலேயே எரியும். அந்த நொடியே பல்பு அணைந்துவிடும்.

மதிப்பெண்ணை அல்ல, பணத்தைத் தின்னும் தவறு ‘காய்தல்’ என்ற சொல்லில் இருக்கிறது. துணி காய்வதும் சிமெண்ட் காய்வதும் ஒன்று என்று நினைப்பவர்கள் நிறைய. துணியிலிருந்து தண்ணீர் வெளியே போகிறது. சிமெண்ட் இறுகுவதோ தண்ணீர் போவதால் அல்ல. அதிலுள்ள கால்சியம் சிலிகேட்டுகள் தண்ணீரோடு வினைபுரிந்து புதிய பொருள்களாக மாறுவதால். மணலையும் ஜல்லியையும் கவ்விப் பிடிப்பது அந்தப் புதிய பொருள்கள்தான். அதனால்தான் தளம் போட்டதும் மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிறார்கள், தூணுக்குச் சாக்கு சுற்றி நனைக்கிறார்கள். சாதாரண சிமெண்ட்டுக்குக் குறைந்தது 7 நாள். “மேலே காய்ந்துவிட்டதே, இனி எதற்கு?” என்று மூன்றாம் நாளே தண்ணீரை நிறுத்தினால் வினை பாதியில் நின்றுபோகும். தளம் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். பலம் இருக்காது.

அடுத்த பெரிய தவறு, “திரும்ப வந்தால் இயற்பியல், வராவிட்டால் வேதியியல்” என்ற சூத்திரம். மனப்பாடம் செய்ய எளிது, அதனால் எல்லாரும் சொல்லிக்கொடுக்கிறோம். நானும் சில வருடம் சொன்னவன்தான். மில்லில் அரைத்த மாவைத் திரும்ப அரிசியாக்க முடியுமா? முடியாது. ஆனால் மாவும் அரிசியும் ஒரே பொருள்.

மறுபக்கத்தைக் காட்ட ஆரத்தித் தட்டு போதும். ஒரு கிண்ணத் தண்ணீரில் மஞ்சள்தூள் போட்டு, வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பில் ஒரு துளி கலக்குங்கள். நீர் சிவக்கும். இப்போது எலுமிச்சம்பழத்தைச் சொட்டுச் சொட்டாகப் பிழியுங்கள். விழுந்த இடத்தில் மஞ்சள் சுழி ஒன்று எழும்பும். கலக்கினால் மறுபடி சிவப்பு. இன்னும் பிழிந்தால் ஒரு கட்டத்தில் கிண்ணம் முழுக்க மஞ்சளாகி நின்றுவிடும். சுண்ணாம்பு சேர்த்தால் திரும்பச் சிவக்கும். மஞ்சளிலுள்ள குர்குமின் என்ற நிறப்பொருள், சுண்ணாம்பு போன்ற காரத்தில் ஒரு வடிவமும் அமிலத்தில் இன்னொரு வடிவமும் எடுக்கிறது. வேதியியல் மாற்றம், ஆனால் போய்ப் போய் வருகிறது. வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியும் இப்படித்தான்: மின்சாரம் போனால் உள்ளே இருக்கும் ஈயத் தகடுகள் ஈய சல்பேட்டாகின்றன, சார்ஜ் ஏறும்போது பழைய நிலைக்கு வருகின்றன. ஆகவே நான் இப்போது கேட்கச் சொல்லும் கேள்வி ஒன்றே: இப்போது இருப்பது முன்பு இருந்த அதே பொருளா?

குமிழி, நிறம், சூடு இவற்றைப் பார்த்ததும் ‘வேதியியல்’ என்று எழுதுவதும் வழக்கமான சறுக்கல். கொதிக்கும் தண்ணீரில் வரும் குமிழியில் என்ன இருக்கிறது என்று கேட்டால், ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் என்று நன்றாகப் படிக்கும் பிள்ளையே சொல்லும். அப்படியிருந்தால் கேஸ் அடுப்பில் வெந்நீர் வைப்பதே உயிருக்கு ஆபத்து! முதலில் வரும் சின்னக் குமிழிகள் தண்ணீரில் கரைந்திருந்த காற்று. பிறகு வரும் பெரியவை நீராவி. தண்ணீர் தண்ணீராகவே இருக்கிறது.

எடை விஷயத்தில் ஒன்றே ஒன்று. எரிந்தால் எடை காணாமல்போகிறது, துருப்பிடித்தால் இரும்பு குறைகிறது என்று எழுதாதீர்கள். விறகின் எடை புகையாகவும் வாயுவாகவும் போனது. துருவிலோ இரும்போடு காற்றின் ஆக்சிஜனும் ஈரமும் சேர்ந்திருப்பதால், உதிராமல் மொத்தமாக எடைபோட்டால் முன்பைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

கடைசியாக, ஒரு நிகழ்வுக்கு ஒரே விடைதான் என்ற பிடிவாதம். மெழுகுவர்த்தியில் மெழுகு உருகுகிறது, ஆவியாகிறது, அந்த ஆவி எரிகிறது. முதல் இரண்டும் இயற்பியல், மூன்றாவது வேதியியல். ஊதி அணைத்ததும் திரியிலிருந்து எழும் வெண்புகையில் தீக்குச்சியைக் காட்டினால், திரியைத் தொடாமலே சுடர் தாவிப் பிடிக்கும். எரிவது மெழுகின் ஆவி என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். (பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.)

கற்பூரமும் அப்படித்தான். தட்டில் ஏற்றினால் எரிந்து கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் கொஞ்சம் கரியும் ஆகிறது. டப்பாவை இறுக மூடாமல் விட்டால் திடநிலையிலிருந்து நேரே ஆவியாகிப் பதங்கமாகிறது. பூஜை அலமாரியைத் திறந்ததும் மூக்கில் ஏறும் வாசனை, மாறாத அதே கற்பூரம். எங்கள் வீட்டில் அதற்கும் “கரைஞ்சு போச்சு” என்றுதான் சொல்வார்கள்.