வீட்டில் கட்டிய விமானத்தை விற்கும் முன்

அமெரிக்காவில் வேன்ஸ் ஆர்வி-6 போன்ற, சொந்தமாகக் கட்டிய சிறு விமானத்தை விற்கப்போகிறீர்களா? பெயின்டைவிட முதலில் காகிதங்களைக் கவனியுங்கள். செஸ்னா மாதிரி தொழிற்சாலை விமானம் என்றால் வாங்குபவருக்கு உள்ளே என்ன இருக்கும் என்று தெரியும். இதுவோ ஒவ்வொன்றும் ஒரு விதம். அதனால் கட்டும்போது எழுதிய குறிப்பேடு, இறக்கையை மூடுமுன் எடுத்த படங்கள், இன்ஜின் லாக் புத்தகம், கடைசி எடைக் கணக்கு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். எஃப்ஏஏ (அமெரிக்க அரசின் விமானப் போக்குவரத்து அமைப்பு) கொடுத்த இயக்க வரம்புகள் தாளும், அதாவது விமானத்தை எந்த விதிகளுக்குள் ஓட்டலாம் என்று சொல்லும் தாளும், அதில் கட்டாயம் இருக்க வேண்டும். அது விமானத்தில் இல்லாமல் பறக்கக் கூடாது.

ஒரு விஷயத்தை வாங்குபவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கட்டியவருக்குக் கிடைத்த ரிப்பேர்மேன் சான்றிதழ், அதாவது அந்த விமானத்தின் வருடாந்திரச் சோதனையைத் தானே செய்ய அனுமதிக்கும் சான்றிதழ், கட்டியவருக்கு மட்டுமே, விமானத்தோடு கைமாறாது. சாதாரணப் பராமரிப்பைப் புது உரிமையாளரே செய்யலாம். ஆனால் வருடாந்திரச் சோதனைக்கு ஏ அண்ட் பி மெக்கானிக் (விமான உடலுக்கும் இன்ஜினுக்கும் எஃப்ஏஏ சான்று பெற்றவர்) கையெழுத்து வேண்டும். வீட்டில் கட்டிய விமானம் என்றாலே சில மெக்கானிக்குகள் தயங்குவார்கள். ஒப்புக்கொள்ளும் ஒருவரை நீங்களே காட்டிவிட்டால் பேரம் சீக்கிரம் முடியும். சோதனையைப் புதிதாக முடித்துக் கொடுத்தால் இன்னும் நல்லது.

வாங்குபவரின் மெக்கானிக் வந்து பார்க்கக் கேட்டால் தாராளமாகத் திறந்து காட்டுங்கள். சோதனைப் பறப்புக்கு முன் யார் ஓட்டினால் இன்ஷூரன்ஸ் செல்லுபடியாகும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பணம் வந்ததும் எஃப்ஏஏவின் 8050-2 விற்பனைப் படிவத்தில் கையெழுத்து போட்டுக் கொடுங்கள். அப்புறம், பதிவுச் சான்றிதழின் பின்பக்கத்தை நிரப்பி 21 நாட்களுக்குள் எஃப்ஏஏவுக்கு அனுப்பிவிடுங்கள்.