பண்டிகைக்கால நர்சரி விற்பனை: கோட்டை விடும் இடங்கள்

தமிழ்நாட்டில் நர்சரி நடத்துகிறவர்களுக்கு ஆயுத பூஜையில் தொடங்கிப் பொங்கல் வரை உள்ள மூன்று, மூன்றரை மாதம்தான் கல்லா நிறையும் காலம். வடகிழக்குப் பருவமழை கொட்டுவதும் அதே மாதங்களில்தான். பேனர், தள்ளுபடி, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் எல்லாம் அப்புறம். வாடிக்கையாளர் வாசலுக்கு வரும் அன்று செடி விற்கிற நிலையில் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. அதற்கான பதில் பெரும்பாலும் ஆகஸ்டிலேயே முடிவாகிவிடுகிறது.

போன வருஷத் தேதியை வைத்து விதைப்பது

ஆயுத பூஜை 2025இல் அக்டோபர் 1. 2026இல் அக்டோபர் 19. தீபாவளி 2025இல் அக்டோபர் 20. 2026இல் நவம்பர் 8. ஏறக்குறைய மூன்று வாரம் நகர்கிறது. பழைய நோட்டைப் பார்த்து அதே வாரத்தில் செண்டுமல்லி விதைத்தால், பூஜைக்கு முன்பே பூத்து முடிந்து, விற்கிற வாரத்தில் காய்ந்த தலைகளோடு நிற்கும்.

பண்டிகைத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். குழித்தட்டில் விதைத்த செண்டுமல்லி 20 முதல் 25 நாளில் தொட்டிக்கு மாற்றும் நாற்றாகும். அதற்குப் பிறகு 6 அங்குலத் தொட்டியில் முதல் பூ விரிய இன்னும் 35 முதல் 45 நாள். நுனி கிள்ளிவிட்டால் செடி புதராகும். ஆனால் பூப்பது பத்து நாள் போலத் தள்ளிப்போகும். ஆக, விதையிலிருந்து விற்பனை வரை சுமார் பத்து வாரம். 2026 ஆயுத பூஜைக்கு என்றால் ஆகஸ்ட் முதல் வாரத்தில் விதை தட்டில் இருந்தாக வேண்டும். ஒரே நாளில் எல்லாத் தட்டையும் விதைக்காமல், ஐந்து நாள் இடைவெளியில் மூன்று தவணையாக விதைத்தால் மழை ஒரு தவணையைக் கெடுத்தாலும் மற்றது கைகொடுக்கும்.

விற்கும்போது ஒன்றிரண்டு பூ விரிந்து, மற்றவை மொட்டாக இருப்பதே சரியான பதம். முழுக்கப் பூத்த செடி கடையில் அழகாக இருக்கும், வாங்கியவர் வீட்டில் பூஜை அன்று தலை தொங்கும். அவர் அடுத்த வருஷம் வரமாட்டார்.

பூக்கவேண்டும் என்ற அவசரத்தில் கடைசி மூன்று வாரத்தில் யூரியா கொடுப்பதும் இதோடு சேர்ந்த தவறு. இலை கொழுத்து, தண்டு மெலிந்து, முதல் பலத்த மழையிலேயே சாய்ந்துவிடும். மொட்டு கட்டும் வரை தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 கரையும் உரம் லிட்டருக்கு 2 கிராம் வாரம் ஒருமுறை, மொட்டு தெரிந்ததும் சாம்பல் சத்து மிகுந்த 13:0:45க்கு மாறுவது போதும்.

வாசலில் போடும் ஃபோகஸ் லைட்

மாலை ஆறு மணிக்கே இருட்டிவிடுகிறது, அலுவலகம் முடிந்து வருகிறவர்களுக்காகக் கூடுதல் விளக்கு போடுவது நியாயம்தான். ஆனால் சாமந்தியும், கிறிஸ்துமஸுக்கு விற்கும் சிவப்பு இலைச் செடியான பாயின்செட்டியாவும் நீண்ட இரவு கிடைத்தால்தான் மொட்டுக் கட்டும் செடிகள். இரவில் கொஞ்ச நேரம் வெளிச்சம் பட்டாலே பகல் நீள்வதாக எடுத்துக்கொண்டு இலையாகத் தள்ளும். தெருவிளக்குப் பக்கம் வைத்த வரிசை மட்டும் பூக்காமல் நிற்பதற்கு மண்ணையும் உரத்தையும் குறை சொல்லிப் பயனில்லை.

பாயின்செட்டியாவுக்கு அக்டோபர் தொடக்கத்திலிருந்து எட்டு முதல் பத்து வாரம், மாலை 5 முதல் காலை 7 வரை 14 மணி நேர முழு இருட்டு கிடைத்தால் கிறிஸ்துமஸ் சமயத்தில் உச்சி இலைகள் சிவந்திருக்கும். பின்பக்கம் ஒரு ஷெட்டில் கறுப்புத் துணி போர்த்திச் செய்யலாம். இருந்தாலும் சென்னை, மதுரை போன்ற ஊர்களில் இரவு வெப்பம் அதிகம் என்பதால் நிறம் ஏறத் தாமதமாகும். சமவெளி நர்சரிகள் டிசம்பர் முதல் வாரத்தில் பெங்களூரு, நீலகிரிப் பக்கமிருந்து நிறம் ஏறிய செடியாகவே இறக்குவது புத்திசாலித்தனம். வந்ததும் பிளாஸ்டிக் உறையை அன்றைக்கே உருவ வேண்டும். உறைக்குள் இரண்டு மூன்று நாள் கிடந்தால் செடியே வெளிவிடும் எத்திலீன் வாயு தேங்கி, சிவந்த இலைகள் கீழ்நோக்கிச் சுருண்டுவிடும்.

மழைக்கு இடம் ஒதுக்காதது

இதுதான் பெரிய நஷ்டம். கறுப்புக் கவரில் இருக்கும் செடியை வெறும் தரையில் அடுக்கினால், மழை நாளில் கவரின் அடித்துளைகள் சேற்றில் புதைந்துவிடும். மேலே ஊற்றுகிற தண்ணீர் இறங்க வழியில்லை. முக்கால் அங்குல ஜல்லியை மூன்று அங்குல உயரத்துக்குப் பரப்பி அதன்மேல் அடுக்குங்கள். வசதியில்லையென்றால் செங்கல் வரிசையாவது போடுங்கள்.

மண்கலவையிலும் கவனம் வேண்டும். 5 கிலோ கோகோபீட் (தென்னைநார்க் கழிவு) கட்டி ஊறினால் 70 லிட்டருக்கு மேல் வரும், மலிவாகவும் இருக்கிறது என்று பாதிக்குப் பாதி போடுகிறார்கள். கோடையில் அது வரம். ஐப்பசியில் அதுவே ஈரம் விடாத பஞ்சு. மழைக்காலச் சரக்குக்குச் செம்மண் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, கோகோபீட் அரைப் பங்கு, பரும்மணல் அரைப் பங்கு என்ற கணக்கு தாங்கும்.

வேரழுகல் வந்துவிட்டதா என்று இலையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். மண் ஈரமாக இருந்தும் செடி வாடினால் கவரைச் சாய்த்து வேரைப் பாருங்கள். நல்ல வேர் வெளுப்பாக, இழுத்தால் தாங்கும். அழுகிய வேரை இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் வழுக்கிக் கையோடு வந்துவிடும், உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிஞ்சும். அந்த நிலைக்கு வந்த செடியை விற்பனை வரிசையிலிருந்து அப்புறப்படுத்துங்கள். பக்கத்துச் செடிகளுக்குக் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியை லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து வேரில் ஊற்றலாம். அடினியம், கள்ளி, சக்குலன்ட் வகைகளை மழையில் விடவே கூடாது. 200 மைக்ரான் யுவி பாலித்தீன் கூரை ஒரு பருவத்திலேயே காசை மீட்டுத் தரும்.

கோடையில் கட்டிய 75 சதவீத நிழல்வலையை அப்படியே விட்டுவிடுவதும் உண்டு. மேகமூட்டத்தோடு அதுவும் சேர்ந்தால் செடி வெளிச்சம் தேடி நெட்டையாகும். பூச்செடிகள் இருக்கும் பகுதியிலாவது அக்டோபரில் வலையைச் சுருட்டிவிடுங்கள். பெயர் அட்டையில் மார்க்கரால் எழுதினால் மழையிலும் வெயிலிலும் வெளுத்துவிடும். பிளாஸ்டிக் அட்டையில் பென்சிலால் எழுதியது அழியாது.

கடைசி வாரத்தில் லோடு இறக்குவது

ஆந்திராவின் கடியத்திலிருந்து வரும் செடிகள் கோதாவரிக் களிமண் உருண்டையோடு வருகின்றன. லாரியில் நெருக்கி அடுக்கி, இலை உதிர்ந்து வந்த செடியை மறுநாளே விற்பனைக்கு வைத்தால் பாதி திரும்பிவரும். நிழலில் இரண்டு வாரமாவது இருந்து புதுத் தளிர் விட்ட பிறகுதான் விலை சொல்ல வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம், கடலோரச் சாலையில் லாரி எப்போது வரும் என்று உறுதியில்லை. தீபாவளி சரக்கைச் செப்டம்பர் கடைசிக்குள் இறக்கிவிடுங்கள். ஓசூர் ரோஜாவும் அப்படித்தான்: குளிர்ந்த ஊரில் பூத்தது சென்னை ஈரத்தில் கரும்புள்ளி நோய் வாங்கி இலையைக் கொட்டும்.

கிறிஸ்துமஸ் மரமாக விற்கும் அரக்கேரியாவை எடுக்கும்போது ஒவ்வொன்றின் உச்சி நுனியையும் பாருங்கள். நுனி முறிந்தால் பழைய கோபுர வடிவம் திரும்பாது. பக்கக் கிளையை வெட்டி வேர்பிடிக்க வைத்த செடிகளும் சந்தையில் வருகின்றன; அவை நிமிராமல் பக்கவாட்டிலேயே வளரும்.

நம் ஊர்ப் பண்டிகைக்குரிய செடியை மறப்பது

வெளிநாட்டு அலங்காரச் செடிக்கு இடம் கொடுத்துவிட்டு, கேட்டு வருகிறவர்களை வெறுங்கையோடு அனுப்புகிற கடைகள் பல. கொலுவில் பூங்கா அமைக்கிறவர்கள் கேழ்வரகும் கடுகும் முளைக்கவிடுவார்கள். ஒரு வாரம் முன்னால் சிறு தட்டுகளில் விதைத்து, முளைத்த தட்டாகவே கொடுத்தால் நகரத்தில் நொடியில் போகும், செலவு சொற்பம். மார்கழிக் கோலத்துக்குப் பூசணிப்பூ வேண்டும். நவம்பர் தொடக்கத்தில் பெரிய பையில் விதை ஊன்றினால் மார்கழி பிறக்கும்போது ஆண்பூக்கள் வரத் தொடங்கும். பெண்பூ பின்னால்தான் வரும், கோலத்துக்கு அது தேவையும் இல்லை.

பொங்கலுக்கு மஞ்சள் கொத்து. மஞ்சள் எட்டு ஒன்பது மாதப் பயிர். மே மாதம் நட்டால் தை பிறக்கும்போது இலை காயத் தொடங்கியிருக்கும். ஜூன் கடைசி, ஜூலை முதல் வாரம் வாக்கில் 12 அங்குல க்ரோ பேக்கில் நட்டால் பொங்கல் அன்று பச்சை இலையோடு, அடியில் இளங்கிழங்கோடு கிடைக்கும். வெட்டிய கொத்தைவிட உயிரோடு இருக்கும் பைக்கு நல்ல விலை சொல்லலாம்.

பரிசு ஆர்டரும் தள்ளுபடியும்

அலுவலகங்கள் தீபாவளிப் பரிசாக மணிபிளான்ட், ஸ்நேக் பிளான்ட், இசட் இசட் பிளான்ட் போன்ற அறைக்குள் வைக்கும் செடிகளைக் கேட்கின்றன. 200 ஆர்டர் என்றால் 220 தயார் செய்யுங்கள். ஒரே உயரத்தில் 200 கிடைப்பது சுலபமில்லை. திறந்தவெளியில் வளர்ந்ததை நேராக ஏசி அறைக்கு அனுப்பினால் இலை மஞ்சளாகும். இரண்டு வாரம் அடர்நிழலில் பழக்கி, அனுப்புவதற்கு முந்தைய நாள் தண்ணீர் விட்டு, காலையில் பெட்டியில் வையுங்கள். அடித்துளை இல்லாத பீங்கான் தொட்டியில் நேரடியாக நடக்கூடாது. துளையுள்ள சிறு பிளாஸ்டிக் தொட்டியை அதற்குள் இறக்கினால் போதும்.

தள்ளுபடி கணக்கை ஒருமுறை தாளில் போட்டுப் பாருங்கள். 60 ரூபாய் அடக்கச் செடி 100க்கு விற்றால் 40 லாபம். 20 சதவீதம் குறைத்தால் லாபம் 20. பழைய லாபத்தைத் தொட இரண்டு மடங்கு செடி விற்க வேண்டும். மழை நாளில் அந்தக் கூட்டம் வராது. அதற்குப் பதில் செடி, தொட்டி, ஒரு கிலோ மண்புழு உரம் என்று செட்டாகக் கொடுக்கலாம். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: உயிருள்ள செடிக்கு வரி இல்லை, பிளாஸ்டிக் தொட்டிக்கு உண்டு. மொத்தத்துக்கும் ஒரே விலை போட்டு பில் அடித்தால் கலப்பு வழங்கலாகக் கருதி, அதிலுள்ள பொருள்களில் எதற்கு வரி அதிகமோ அந்த விகிதத்தில் முழுத் தொகைக்கும் வரி கேட்பார்கள். பில்லில் செடிக்குத் தனி விலை, தொட்டிக்குத் தனி விலை என்று பிரித்து எழுதுங்கள்.