டிஸ்சார்ஜுக்கு முன்னால் யார் பெயரைக் கொடுக்கிறோம்?

பெரியப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது, சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். அட்மிஷன் கவுன்டரில் நின்றவன் நான். அதனால் ‘உடனிருப்பவர்’ கட்டத்தில் என் பெயரும் நம்பரும் ஏறிவிட்டன. டிஸ்சார்ஜ் அன்று நர்ஸ் என்னைத்தான் கூப்பிட்டுச் சொன்னார்: ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் தினமும் ஓர் ஊசி, போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. தலையை ஆட்டிவிட்டு பில் கட்ட ஓடினேன். வீட்டில் ஊசி போட்டது பெரியம்மா. போட்டதும் வழக்கம்போல நன்றாகத் தேய்த்தும் விட்டார். மூன்றாம் நாள் பெரியப்பாவின் வயிறு திட்டுத்திட்டாக நீலம் பூத்திருந்தது.

பணம் கட்டுகிறவர், இங்கிலீஷ் பேசுகிறவர், குடும்பத்தில் மூத்த ஆண் என்று பார்த்துப் பெயர் கொடுக்கிறோம். புண்ணுக்குக் கட்டு மாற்றப்போகும் கை யாருடையதோ, அவர் பெயர் எங்கும் இருக்காது. நம் வீடுகளில் பெரும்பாலும் அது மனைவியோ மருமகளோதான்.

அமெரிக்காவில் இதற்கென்றே ‘கேர் ஆக்ட்’ என்று ஒரு சட்டம் உண்டு. 2014இல் ஓக்லஹோமா மாநிலம் தொடங்கி வைத்தது, இன்று பெரும்பாலான மாநிலங்களில் இருக்கிறது. வீட்டில் யார் பார்த்துக்கொள்வார் என்று மருத்துவமனை நோயாளியிடம் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும், டிஸ்சார்ஜுக்கு முன் அந்தப் பார்த்துக்கொள்பவருக்குத் தகவல் சொல்ல வேண்டும், செய்ய வேண்டியதைக் கற்றுத்தர வேண்டும். அங்கே இருக்கும் மகனோ மகளோ போனில் இதைச் சொன்னால், நம்மூருக்கும் பொருந்தும் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே அப்படித் தனிச் சட்டம் இல்லை. ஆனால் தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018இல் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனம் இருக்கிறது. புரிகிற மொழியில் விளக்கம் பெறுவதும், டிஸ்சார்ஜுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் மருத்துவக் குறிப்புகளின் நகல் பெறுவதும் அதில் உள்ளன. அதைச் சொல்லிக் கேட்கலாம்.

நோயாளியையே கேட்காமல் விடுவது இன்னொரு தவறு. யூரின் டியூபோடு வீட்டுக்கு வரும் அம்மா, மகன் அதைத் தொடுவதை விரும்புவாரா? வாய்விட்டுச் சொல்ல மாட்டார். தனியாகக் கேட்டால் சொல்வார்.

பெயர் கொடுத்துவிட்டால் அவரே எல்லாவற்றையும் முடிவெடுப்பார் என்று நினைப்பதும் தவறு. பார்த்துக்கொள்பவர் வேறு, இன்ஷூரன்ஸ் நாமினி வேறு, அறுவை சிகிச்சைக்குச் சம்மதக் கையெழுத்து வேறு. மனநல சிகிச்சையில் மட்டும் கொஞ்சம் மாறும்: 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, வயது வந்த எவரும் வெறும் வெள்ளைத்தாளில் எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வைத்துத் சிகிச்சை முடிவுகளில் துணைநிற்கத் தனக்கொரு நியமனப் பிரதிநிதியை வைத்துக்கொள்ளலாம், பிறகு மாற்றவும் செய்யலாம்.

சரி, பெயரைச் சரியாகக் கொடுத்தாயிற்று. ஆனால் கற்றுக்கொள்வதை டிஸ்சார்ஜ் நாளுக்குத் தள்ளிப்போடாதீர்கள். அன்று இன்ஷூரன்ஸ் அப்ரூவலுக்குக் காத்திருப்பதிலும் மருந்துக்கடை வரிசையிலும் பொழுது போய்விடும். முந்தின நாளே போய், நர்ஸ் பார்க்க நீங்களே ஒருமுறை செய்து காட்டுங்கள். காதால் கேட்டது படியிறங்கும்போதே மறந்துபோகும். ஒரே ஒரு அட்டெண்டர் பாஸை நாலு பேர் மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டு போகிற வீடுகளில் ஆளுக்கொரு துண்டு தெரியும், முழுசாக யாருக்கும் தெரியாது. ஏஜென்சியிலிருந்து ஆள் வைப்பதாக இருந்தால், அவரையும் அன்றே வரச் சொல்லுங்கள். முதல் ஆளுக்குக் காய்ச்சல் வந்தால் யார் என்று இரண்டாவது பெயரும் வேண்டும்.

அரசு மருத்துவமனையிலிருந்து போகிறவர்கள் பலர், வீட்டுக்கு வந்தபின் உதவியே கிடையாது என்று விட்டுவிடுகிறார்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபியும் வலி தணிக்கும் சிகிச்சையும் உண்டு. உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டிக் கேளுங்கள்.

அப்புறம், வார்டை விட்டு வெளியேறும் முன் ராத்திரியில் கூப்பிட ஒரு நம்பர் கேட்டு, சம்மரியின் மேலேயே எழுதி வாங்குங்கள். ரிசப்ஷன் நம்பர் வேண்டாம், வார்டு நம்பர்.