டைட்டனின் புகையை ஒரு கண்ணாடிக் கலத்தில் செய்வது எப்படி

சனியின் மிகப் பெரிய நிலாவான டைட்டனை ஆரஞ்சு நிறப் புகைமூட்டம் எப்போதும் மூடியிருக்கிறது. அந்தப் புகையின் மாதிரியை ஆய்வுக்கூடத்தில் செய்வதுதான் என் வேலை. கார்ல் சேகனும் பிஷுன் கரேயும் 1979-இல் இதற்குத் ‘தோலின்’ என்று பெயர் வைத்தார்கள்.

வாயுக் கலவையில் சிக்கல் இல்லை. நூற்றுக்கு 95 பங்கு நைட்ரஜன், 5 பங்கு மீத்தேன், இரண்டும் மிகத் தூய்மையானதாக இருந்தால் போதும்.

கஷ்டமெல்லாம் காற்றை வெளியே நிறுத்துவதில்தான். டைட்டனில் தண்ணீர் பாறை போல உறைந்து கிடக்கிறது. தரையில் மைனஸ் 179 டிகிரி. அதனால் அதன் காற்றில் ஆக்சிஜன் சேர்ந்த மூலக்கூறுகள் மிக மிகக் குறைவு. நம் கலத்திலும் அப்படியே இருக்க வேண்டும். பம்ப்பை ஓட்டிக் கலத்தின் காற்றை வெளியேற்றுங்கள், வால்வை மூடுங்கள், அழுத்தமானியை ஓர் இரவு முழுக்க அப்படியே விட்டுவிடுங்கள். காலையில் முள் ஏறியிருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. நான் ஒருமுறை இந்தச் சோதனையைச் செய்யாமல் தொடங்கிவிட்டேன். கலத்தின் கண்ணாடியில் படியும் தோலின் படலம் அழகான பழுப்பு நிறத்தில்தான் வந்தது. அகச்சிவப்பு நிறமாலையில் பார்த்தால், 1700 அலை எண்ணை ஒட்டி, கார்பனும் ஆக்சிஜனும் பிணைந்ததைக் காட்டும் முகடு! கலத்தைப் பிரித்தபோது, இணைப்பில் காற்று புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கின் மேல் ஒரே ஒரு தலைமுடி குறுக்கே கிடந்தது. மூன்று வார உழைப்பு வீண். அன்றிலிருந்து ஒவ்வொரு ஓ-ரிங்கையும் விளக்கு வெளிச்சத்தில் சுற்றிச் சுற்றிப் பார்த்த பிறகுதான் மாட்டுகிறேன்.

சரி, கசிவு இல்லையா? கலவையைச் சுமார் 1 மில்லிபார் அழுத்தத்தில் ஓடவிட்டு மின்னழுத்தம் கொடுங்கள். இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த ஒளி எழும். சாதாரண புற ஊதா விளக்கு மீத்தேனை உடைக்கும், ஆனால் நைட்ரஜனின் முப்பிணைப்பை அசைக்காது. டைட்டனின் உச்சியில் சூரியனின் மிகக் குறைந்த அலைநீளக் கதிர்களும் வேகமான எலெக்ட்ரான்களும் அதைச் செய்கின்றன. இங்கே பிளாஸ்மாவின், அதாவது மின்னழுத்தத்தால் ஒளிரும் அந்த வாயுவின், எலெக்ட்ரான்கள் செய்கின்றன. உடைந்த துண்டுகள் சேர்ந்து அசிட்டிலீன், ஹைட்ரஜன் சயனைடு என்று வளரும். சில மணி நேரத்தில் கண்ணாடியில் வெளிர்மஞ்சள் படரும், அப்புறம் அது பழுப்பாகும்.

ஹைட்ரஜன் சயனைடு ஆளைக் கொல்லும் நச்சு. வெளியேறும் வாயுக்களை உறையவைத்துப் பிடிக்கும் திரவ நைட்ரஜன் பொறி வைத்திருந்தால் அதில்தான் உறைந்திருக்கும். பொறியைச் சூடேற விடும்போது நச்சு வாயுவை உறிஞ்சி வெளியேற்றும் ஃப்யூம் ஹூட் கட்டாயம் ஓட வேண்டும், தனியாக இருக்கவும் கூடாது. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

படலத்தை நைட்ரஜன் நிரம்பிய கிளவ் பாக்ஸுக்குள் (கையுறை பொருத்திய மூடிய பெட்டி) வைத்தே சுரண்டுங்கள். வெளியே எடுத்தால் காற்று பட்டு மாறத் தொடங்கிவிடும். கொஞ்சத்தை மெத்தனாலில் கரைத்து மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் கொடுத்தால் முகடுகள் கொத்துக் கொத்தாக, ஏறத்தாழ 14 நிறை அலகு இடைவெளியில் வரிசை கட்டி நிற்கும். மீதித் தூளைக் குப்பியில் அடைத்து, கலவை விகிதத்தையும் தேதியையும் மூடியில் எழுதிவிடுங்கள். காற்றுப் பட்ட குப்பி என்றால் அதையும் எழுதுங்கள்.