பி.எல்.டி.சி. ஃபேன் வாங்கும் முன் கடைசி யூனிட்டின் விலையைப் பாருங்கள்

கரண்ட் செலவைக் குறைக்கும் பி.எல்.டி.சி. ஃபேனோ (குறைந்த கரண்டில் ஓடும் மோட்டார் உள்ளது) ஏசியோ வாங்கினால் போட்ட காசு எப்போது திரும்பும் என்று கணக்குப் போடும்போது, பில் தொகையை யூனிட்டால் வகுத்து வரும் சராசரியை எடுக்காதீர்கள். யூனிட் கூடக் கூட விலை படிப்படியாக ஏறும்; அந்தப் படிதான் ஸ்லாப். உங்கள் பில்லின் கடைசி ஸ்லாப் விலையை எடுங்கள். மிச்சமாகும் யூனிட் எப்போதும் மேலே இருந்துதானே கழிகிறது!

தமிழ்நாட்டில் 2024 ஜூலைக் கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு 550 யூனிட் ஓடும் வீட்டில் சராசரி நாலரை ரூபாய்தான். ஆனால் 500-ஐத் தாண்டிய யூனிட் ஒவ்வொன்றும் 8 ரூபாய்க்கு மேல். 75 வாட் ஃபேன் இரண்டை 30 வாட் பி.எல்.டி.சி.க்கு மாற்றி, தினம் 12 மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாதத்தில் சுமார் 65 யூனிட் குறையும். சராசரிப்படி 300 ரூபாய்கூட மிச்சமில்லை. உண்மையில் 700-ஐத் தாண்டும், ஏனென்றால் 500-க்குள் வந்துவிட்டால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கும் பாதி விலைதான்.

100 யூனிட்டுக்குள் முடிகிற வீட்டுக்கு இது பொருந்தாது, அங்கே பில்லே கிடையாது. வீட்டு உரிமையாளர் யூனிட்டுக்கு ஒரே ரேட் வாங்கினால், அந்த ரேட்டிலேயே கணக்குப் போடுங்கள்.